ஐந்தாம் பிறெஸ்

பேர்ணடெற்றின் கையுறையில் நடுவிரல் நுனி பிறெஸ் மெசினுக்குள் அகப்பட்டு அப்பளம் போலத் தட்டையாகிவிட்டது. நல்ல காலம், கையுறை ஒரு சைஸ் பெரிது. விரல் அந்த நுனிவரை போகவில்லை. பக்கத்து பிறெஸில் நின்ற தவமணி மட்டும்தான் அதைக் கண்டாள். பேர்ணடெற் சிரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றி ஏப்ரன் பொக்கற்றுக்குள் திணித்தாள். சிரித்த முகத்தில் இரத்தமே இல்லை.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. அம்மாவை இங்கை கூப்பிட ஸ்பொன்சர் பண்ணியிருக்கிறன். இப்ப வேலை போனா எல்லாம் போச்சு."

"அப்ப அந்தக் குச்சியை எடும்."

"எடுக்கிறன், எடுக்கிறன்."

எடுக்கவில்லை. கார்க் கதவுக்குத் தகடு வளைக்கும் அந்த பிறெஸுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமத்தினால்தான் மேல் இரும்பு இறங்கும். கைகள் இரண்டும் வெளியே இருக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. பேர்ணடெற் ஒரு பொத்தானில் ஐஸ்பழக் குச்சியைச் செருகி ஒட்டுநாடா சுற்றியிருந்தாள். மிச்சப்பட்ட கையால் அடுத்த தகட்டை வைத்துவிடலாம். சுப்பவைசர் அவளுடைய வேகத்தைத்தான் எல்லாருக்கும் உதாரணம் காட்டுவான். குச்சி மட்டும் அவன் கண்ணில் படுவதே இல்லை.

அந்த மாதம்தான் புது மனேஜர் சாப்பாட்டு அறையில் பூட்டுப் போட்ட மஞ்சள் பெட்டியொன்றை மாட்டியிருந்தார். மயிரிழையில் தப்பிய விபத்து எதுவென்றாலும் அட்டையில் எழுதிப் போடுங்கள், எந்த மொழியிலும் எழுதலாம், பெயர் வேண்டாம், ஒருவருக்கும் வேலை போகாது என்றார். பாதுகாப்புக் கமிட்டியில் தொழிலாளர் பக்கத்து ஆளான இராஜரட்ணம் அதைத் தமிழில் சொன்னபோது யாரும் தலை நிமிரவில்லை. பெயர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் பெயருக்காகத்தான் வருகிறான் என்று தவமணி நினைத்தாள். மூன்று கிழமை கழித்துப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு சுவிங்கம் தாள் இருந்தது.

அவள் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் எல்லாரையும் ஒரு ஜீப்புக்கு முன்னால் வரிசையாக நடத்தினார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய ஆள்காட்டி ஒருவன் இருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவளுடைய தம்பி முன்னால் வந்தபோது அந்தத் தலை ஆடியது. தம்பி திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து யாரைப் பற்றியும் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று இருந்தவள், இந்த வேலையை எடுத்துக் கொடுத்து, இருவரும் குடியிருக்கும் மில்லிக்கனிலிருந்து தினமும் காரில் ஏற்றிவருகிற பேர்ணடெற்றைப் பற்றியா எழுதுவாள்?

எழுதினாள். கையுறை நசுங்கியதற்கு அடுத்த நாள் காலை முழுவதும் பக்கத்தில் அந்த இரும்பு இறங்கிய ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பி பேர்ணடெற்றின் விரல்களை எண்ணினாள். கழிவறைக்குள் போய், முழங்காலில் அட்டையை வைத்து, தமிழில் எழுதினாள். 'ஐந்தாம் பிறெஸில் பொத்தானுக்குக் குச்சி வைத்து வேலை நடக்கிறது. கை போகப் பார்த்தது. ஆளில் பிழையில்லை.' ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டிக்குள் போட்டாள். போட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது. பெயர் எழுதாமல் விட்டு என்ன பயன்? ஐந்தாம் பிறெஸ் என்றால் பேர்ணடெற்தானே. இரண்டு விரலை விட்டுத் துழாவினாள். ஓட்டை ஒடுக்கம், அட்டை அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மனேஜர் இராஜரட்ணத்தைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். அட்டையைத் தூரப் பிடித்து இராஜரட்ணம் வாசிப்பது தவமணிக்குத் தெரிந்தது. அவளுடைய எழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். அகதி வழக்குக்காகத் தம்பியின் கதையை அவள் நாலு பக்கம் எழுத, அதை இங்கிலிஷில் எழுதிக் கொடுத்தவரே அவர்தான். மனேஜர் ஏதோ கேட்டார். இராஜரட்ணம் நிமிர்ந்து, கண்ணாடிக்கூடாக பிறெஸ் வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தவமணியில் பார்வை நின்றது. அந்தத் தலை எந்தப் பக்கம் ஆடப்போகிறது?

இல்லை என்று ஆடியது.

பின்னேரமே எல்லா பிறெஸையும் நிறுத்திப் பார்த்தார்கள். எட்டு பிறெஸில் ஏழில் குச்சி இருந்தது. ஐந்தாம் பிறெஸின் புண்ணியத்தில் மற்ற ஆறும் வெளிப்பட்டன. சனி, ஞாயிறில் வயரிங்கை மாற்றினார்கள். இனி ஒவ்வொரு தடவையும் இரண்டு பொத்தானிலிருந்தும் கையை எடுத்து மறுபடி அமத்தாவிட்டால் இரும்பு அசையாது. ஒருவருக்கும் வேலை போகவில்லை. அதை ஒருவரும் நம்பவுமில்லை. இப்போது போகாவிட்டால் கிறிஸ்மஸுக்கு முன்னம் போகும் என்றார்கள். அட்டை தமிழில் இருந்தது என்ற கதை எப்படியோ கசிந்துவிட்டது. இராஜரட்ணம்தான் எழுதினார் என்று முடிவாகிவிட்டது. அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் பேர்ணடெற் புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எழுதின கை அழுகிப் போகவேணும் அக்கா. அம்மாவின்ர விசயம் சரிவரும்வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை."

தவமணி பேர்ணடெற்றின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் குழம்பில் தோய்ந்து, உருண்டையைத் திரட்டி வாய்க்குக் கொண்டுபோயின. அந்த விரல்களைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. என்ர கை நல்லா அழுகட்டும், பரவாயில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இராஜரட்ணம் சூடாக்கிய சாப்பாட்டோடு இடம் தேடி வந்தார். காலிக் கதிரைகளில் ஒவ்வொன்றாகக் கைப்பைகள் ஏறின. தவமணிக்குப் பக்கத்துக் கதிரையில் அவளுடைய பை காலையிலிருந்தே கிடந்தது. அவர் அவளைப் பார்க்காமல் தாண்டிப் போகப் பார்த்தார்.

"அண்ணை, இதிலை இருங்கோ."

பையைத் தூக்கி மடியில் வைத்தாள். பேர்ணடெற் வெறும் கதிரையைப் பார்த்தாள்; பிறகு தவமணியைப் பார்த்தாள். அவளுடைய ஐந்து விரலும் புட்டுக்குள் அப்படியே நின்றன.