ஓடாத விஞ்ச்

எங்கள் வெள்ளப்பாறை மலைக்கு வருகிற டூரிஸ்ட்டுகள் எல்லோரும், படிக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் விஞ்ச் ரயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதன் வரலாற்றை நாலு வரியில் எழுதிக் கொடு, போர்டு வைக்கலாம் என்றார் மேனேஜர். டிக்கெட் கவுன்டரில் இருக்கும் எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ‘இரண்டு மாதம் ஓடிப் பழுதானது’ என்று எழுதிவிட்டேன். நானே அதில் போயிருக்கிறேனே!

தேதி பார்க்கப் பழைய ஃபைலைப் புரட்டினால் இப்படி எழுதியிருந்தது. ‘சோதனை ஓட்டம் தோல்வி. பயணிகள் எவரும் ஏற்றிச் செல்லப்படவில்லை.’

அப்படியென்றால் நான் எதில் போனேன்? அப்போது எனக்கு ஐந்து வயது. அப்பா மறுநாள் சவூதிக்குக் கிளம்ப இருந்தார். இரண்டு வருஷம் கழித்து அவர் உடல்தான் எங்கள் ஊர் அறந்தாங்கிக்கு வந்தது. அவரைப் பற்றி எனக்கு இருப்பது இந்த ஒரே ஞாபகம்தான். விஞ்சில் உட்கார்ந்து மேலே போகிறோம். உச்சியில் நின்று திருமயம் கோட்டையைப் பார்க்கிறோம். அப்பாவின் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. அதையும் பொய் என்கிறது ஒரு ஃபைல். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் உதயசூரியன் அண்ணன்தான் அன்றைக்கு விஞ்ச் ஆபரேட்டர். நேரே போய்க் கேட்டேன்.

“அண்ணே, விஞ்ச் மேல போச்சா இல்லையா?”

“எங்கிட்டும்மா போச்சு? கீழ நின்ன வண்டிக்கு வடமே மாட்டல. மேல் வண்டிய மட்டும் மணல் மூட்டையோட எறக்குனோம். அதுக்குள்ள ஜனம் கீழ் வண்டில ஏறி ஒக்காந்துருச்சு. பக்கத்துத் தண்டவாளத்துல மேல் வண்டி எறங்க எறங்க, தாங்கதான் மேல போறோம்னு கை தட்டுனாங்க. அது பாதியில நின்னுபோச்சு. இந்தா, இன்னமும் நிக்கிது.”

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. “நான் எங்கப்பாவோட உச்சிக்குப் போனேண்ணே. கோட்டை தெரிஞ்சுச்சு.”

அவர் என்னையே பார்த்தார். “செவப்புக் கவுன் போட்ட புள்ள நீதானா? எல்லாரும் எறங்குனப்பறமும் நீ எறங்க மாட்டேன்னு ஒரே அழுக. ஒங்கப்பா துண்டால ஒங் கண்ணக் கட்டித் தோள்ல தூக்கிக்கிட்டு, வாயால விஞ்ச் மாதிரி உறுமிக்கிட்டே படியேறுனாரும்மா. நானூறு படி.”

திரும்பி வந்து எழுதியதை அடித்தேன். ‘இந்த விஞ்சில் யாரும் மேலே போனதில்லை’ என்று எழுதிவிட்டு, கவுன்டரைப் பூட்டிப் படியேறினேன். நூறாவது படியிலேயே முதுகு நனைந்துவிட்டது. அப்பாவுக்குத் தோளில் நானும் இருந்தேன்.