கடைசி பெஞ்சின் முதுகு

ஆலயத்துப் பெஞ்சுகளின் முதுகில் மங்கிப்போன பெயர்களைத் திரும்ப எழுதப் போர்டுக்காரியைக் கூப்பிட்டார்கள். கடைகளுக்குப் போர்டு எழுதுவது அவள் பிழைப்பு. ஊருக்குப் புதிதாக வந்தவளுக்கு அதுவே பேராகவும் ஒட்டிக்கொண்டது.

அங்கே ஒவ்வொரு பெஞ்சும் ஒரு குடும்பம் கொடுத்தது. கொடுத்தவர் பெயர் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும், அவர்கள் வீட்டு ஆட்கள்தான் உட்காருவார்கள். கொடுக்க வக்கில்லாதவர்களுக்குப் பின்சுவரும் தரையும். போர்டுக்காரி நின்றுகொண்டே ஜெபித்துவிடுவாள். மாமியாரால் முடியாது. கிழவிக்கு முட்டி தேய்ந்துவிட்டது. நின்றால் கால் நடுங்கும், தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். உட்கார ஓர் ஓரம் கிடைக்காவிட்டால் அவள் ஆலயத்துக்கு வருவதே நின்றுபோகும்.

அதனால் போர்டுக்காரி கூலி வேண்டாம் என்றாள். வாரம் முழுக்க ஒவ்வொரு பெஞ்சுக்குப் பின்னாலும் மண்டியிட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி எழுதிக் கொடுத்தாள். இவ்வளவு செய்தவளுக்கு ஓர் ஓரம் தராமலா போய்விடுவார்கள் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, பாதி காலியாகக் கிடந்த மூன்றாவது பெஞ்சில் உட்காரவைத்தாள். அந்தப் பெஞ்சுக்குச் சொந்தக்காரியான மரக்கடை அம்மா வந்து எதிரே நின்றாள். புருஷன் போன பிறகும் கடை நடந்ததும் கொழுந்தன் நடந்ததும் அவள் கண்ணசைவில்தான்.

"இது யாரு பெஞ்சு?"

"முட்டி வலிம்மா அவங்களுக்கு. ஓரமா உக்காந்துக்குவாங்க."

"நான் வலியைக் கேட்கலை. முதுகுல என்ன போட்டிருக்கு? எழுதினவளுக்கே படிக்கத் தெரியலையா?"

அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, களுக்கென்று சிரித்தாள். முன் பெஞ்சு திரும்பிப் பார்த்தது. போதகர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்குப் பிரசங்கம் அந்நியரை உபசரிப்பது பற்றி.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "ஓசியில எழுதிக் கொடுத்து மூக்கறுபட்டு வந்த முதல் ஆளு நீதான்டி. இனி நான் போறதுன்னா நம்ம பெஞ்சுலதான். இல்லேன்னா என்னைத் தூக்கிட்டுப் போகும்போது போய்க்கறேன்."

போர்டுக்காரி தச்சரிடம் போனாள். அவர் பட்டறைக்குப் பெரிய போர்டு எழுதித் தருவது, அவர் ஒரு பெஞ்சு செய்து தருவது என்று பேச்சு. பெஞ்சு வந்ததும் அதன் முதுகில் மாமியார் பெயரை எழுதினாள். வெள்ளையில் இல்லை, சிவப்பில். மற்றப் பெயர்களைப்போல இரண்டு மடங்கு.

"கடைசியில்தான் இடமிருக்கு" என்றார் போதகர்.

"கடைசியே போதும் ஐயா." வாசல் அந்தப் பக்கம்தான். உள்ளே வருகிறவன் முதலில் படிப்பது கடைசி பெஞ்சின் முதுகைத்தான்.

அப்புறம் பார்க்கவேண்டுமே. ஒரு முனையில் மாமியார், மறுமுனையில் மருமகள், நடுவில் பிரஷ் பை. நாலு பேர் உட்காரலாம். பின்சுவரில் நின்ற ஒரு கர்ப்பிணி பையையே பார்த்தாள். போர்டுக்காரி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். அந்தப் பெண் சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டு மறுபடி சுவரில் சாய்ந்தாள். அன்று ராத்திரி போர்டுக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. வெயிலில் வேலை செய்ததுதான் காரணம் என்று மாமியாரிடம் சொன்னாள்.

மழைக்காலத்தில் மரக்கடைக் குடும்பம் இரண்டாக உடைந்தது. கொழுந்தன் கடையையும் பெயரையும் எடுத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு மரக்கடை அம்மா வந்தபோது, மூன்றாவது பெஞ்சில் ஓரகத்தி பிள்ளைகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள்.

"நகருடி கொஞ்சம்."

"பேரைப் படிச்சுப் பாருங்க அக்கா. அது இப்ப எங்க பேரு."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் நகரவும் இல்லை. மரக்கடை அம்மா நடுப்பாதையில் நின்றாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

இந்த நாளுக்காகப் போர்டுக்காரி ஒரு வாக்கியத்தைப் பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். படிக்கத் தெரியுமா அம்மா? அவ்வளவுதான். நாக்கு நுனியில் இருந்தது.

"பையை எடுத்தே, கையை உடைப்பேன்" என்று மாமியார் முணுமுணுத்தாள்.

மரக்கடை அம்மா பக்கத்தில் வந்தாள். கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் ஒரு செருப்பை மட்டும் வாசலில் கழற்றிவிட்டு இன்னொன்றோடு உள்ளே வந்திருந்தது அப்போதுதான் போர்டுக்காரிக்குத் தெரிந்தது. அந்த அம்மா வீட்டிலிருந்து எப்படிக் கிளம்பி வந்திருப்பாள் என்று ஒரு நொடி தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு அந்த வாக்கியம் வெளியே வரவில்லை.

பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காருங்க."

"யாரும் எனக்குப் பிச்சை போட வேண்டாம்."

"நின்னா பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது. உக்காருங்க."

உட்கார்ந்தாள். நன்றி சொல்லவில்லை. பலகையை விரலால் தடவினாள். "பழைய மரம். தச்சன் ஏமாத்திட்டான் உன்னை."

"உங்க கடையில வாங்கின மரம்தானாம்."

மாமியார் இருமலில் சிரிப்பை மறைத்தாள். போர்டுக்காரி திரும்பி, சுவரோரம் நின்ற கர்ப்பிணியைக் கண்ணால் கூப்பிட்டாள். அவள் அசையவில்லை. சிவப்பு எழுத்தையே பார்த்தாள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, போர்டுக்காரி பையிலிருந்த தகட்டால் பெயரைச் சுரண்டினாள்.

"அடிப்பாவி, உயிரோட இருக்கறவ பேரைச் சுரண்டறியே" என்றாள் மாமியார்.

"பேரு இருந்தா ஆளு உக்கார மாட்டேங்குது, அத்தை."

"வேற என்ன எழுதப்போறே?"

"ஒண்ணும் இல்லை."

கிழவி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். மறுவாரம் அவள்தான் அந்தக் கர்ப்பிணியின் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்: "நீ நின்னுக்கிட்டு இருந்தா எனக்குக் கால் வலிக்குது."

ஒரு ஞாயிறு காலையில் அவசரமாக ஒரு கடைப் போர்டை முடித்துவிட்டு, கையெல்லாம் நீலமாகப் போர்டுக்காரி தாமதமாக வந்தாள். கடைசி பெஞ்சு நிறைந்திருந்தது. கைக்குழந்தையோடு அந்தப் பெண், தெரியாத ஒரு கிழவர், மாமியார், மரக்கடை அம்மா. பழக்கதோஷத்தில் பின்சுவரில் சாய்ந்தாள்.

மரக்கடை அம்மா திரும்பி முறைத்தாள். "சுவத்துல பெயிண்ட் ஒட்டப்போகுது. வா இங்க."

"இடமில்லையே அக்கா."

"உன்னைக் கேட்டாங்களா?" என்று சொல்லிவிட்டு, முழங்கையால் கிழவரை இடித்தாள். "நகருங்க. இன்னும் கொஞ்சம். என்ன, பெஞ்சு உங்க பேர்லயா இருக்கு?"