பிப்ரவரிக்குள் ஓடணும்

சவப்பெட்டியை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கும்போதே ருட்ஸானி முலாலோவின் மூக்கை உடைத்துவிட்டான். அண்ணனின் பெட்டியை ஒரு மூலையில் தாங்கியிருந்தவன், சோளமாவு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நுழைந்த முலாலோவைப் பார்த்ததும் பிடியை விட்டான். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. மற்றவர்கள் "பிடி, பிடி" என்று அலறினார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே தரையில் போட்ட மெத்தையில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்த லுஃபுனோ இதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். புருஷனைப் புதைக்கும்வரை மெத்தையை விட்டு அவள் எழுந்திருக்கக் கூடாது. பக்கத்திலேயே ஸாரா அத்தை காவல். செத்துப்போன டெண்டானியின் அப்பாவோடு பிறந்தவள். இந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"அங்க பாக்காதே. ஆம்பளைங்க பாத்துப்பாங்க."

ஆம்பளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவனும் கிட்டே போகவில்லை.

"நீதான்டா கொன்னே!" ருட்ஸானி முலாலோவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தான். "பிப்ரவரிக்குள்ள மிஷினை ஓட்டு, ஓட்டுன்னு போன் மேல போன் போட்டுக் கொன்னே!"

"ஓட்டத்தான்... சொன்னேன். உள்ள இறங்கவா சொன்னேன்?"

அதற்கும் ஒரு குத்து விழுந்தது. மூட்டை கிழிந்து மாவு கொட்டியது. அதன் மேல் முலாலோவின் ரத்தம் சொட்டியது.

முலாலோ தென்னாப்பிரிக்காவின் தோஹோயாண்டு ஊர்க் கடைத்தெருவில் வரிக்கணக்குப் பார்ப்பவன். டெண்டானியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிப்ரவரி பிறந்துவிட்டால் அவன் வாசலில் சின்ன முதலாளிகள் கூட்டம் நெரியும். கறிக்கடைக்காரன் குளிர்பெட்டி வாங்குவான், பேக்கரிக்காரன் அடுப்பு வாங்குவான். பிப்ரவரிக் கடைசியில் வருஷக் கணக்கு மூடுவதற்குள் லாபத்தைச் செலவாக்கிவிட்டால் வரி குறையும். இந்த வருஷம் டெண்டானியின் சிமெண்ட் கல் பட்டறைக்கு ஒரு பள்ளிக்கூடக் கட்டிட வேலை முழுசாகக் கிடைத்திருந்தது. வியாபாரம் தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு வருஷத்தை அவன் பார்த்ததில்லை.

"வெயில்ல காய்ஞ்சது நான், அள்ளிட்டுப் போறது வரிக்காரனுங்களா?" என்று முலாலோவிடம் போய் நின்றான்.

"கலவை மிஷின் ஒண்ணு வாங்கிடு. ஆனா வாங்கி மூடி வெச்சா செல்லாது. பிப்ரவரி முடியறதுக்குள்ள ஓடியிருக்கணும், அதுல ஒரு கல்லாவது செஞ்சிருக்கணும். அப்பத்தான் முழு விலையையும் இந்த வருஷமே கழிக்க முடியும்."

நல்ல யோசனைதான். மிஷின்தான் மாதக் கடைசியில் வந்து சேர்ந்தது. தொட்டி வாய்க்கு மேலே மூடும் கம்பி வலையையும், கரண்ட் போனால் தானே விழுந்துவிடும் மெயின் சுவிட்சையும் மாட்ட வேண்டிய எலக்ட்ரீஷியன், மார்ச்சில்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டான். "மார்ச்சுல வந்து நீயே ஓட்டிக்கோ" என்று சிரித்துவிட்டு டெண்டானி ஒரு பழைய மெயினிலிருந்து ஒயர் இழுத்தான்.

கடைசி நாள் மிஷின் ஓடியது. அந்தக் கலவையில் வரிசையாகக் கல் விழுந்தது. டெண்டானி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து முலாலோவுக்கு அனுப்பினான். அப்புறம் மின்வெட்டு. உள்ளே ஒரு தொட்டி ஈரக் கலவை. அந்த வெயிலில் விட்டுவைத்தால் கல்லாக இறுகிவிடும், புது மிஷின் பாழ். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள், கலக்கும் கத்திகளுக்கு நடுவில் இறங்கினான். "டேய், மெயினை இறக்கிட்டு அங்கயே நில்லு" என்று தம்பிக்குச் சொன்னான்.

இறக்கினேன் என்றுதான் ருட்ஸானி எல்லோரிடமும் சொன்னான். மெயினை இறக்கியும் நாசமாய்ப் போன மிஷின் தானாக ஓடியது என்றான். போலீஸ்காரனும் அப்படியே எழுதிக்கொண்டு போனான். ஊரும் முலாலோவின் பெயரைப் பிடித்துக்கொண்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

லுஃபுனோ அன்றைக்குச் சமையல்கட்டு ஜன்னலில் நின்றிருந்தாள். வீட்டை ஒட்டிய பட்டறையின் ஓரத்து மருலா மரத்தடியில் ருட்ஸானி குவளையோடு உட்கார்ந்திருந்தான். மருலா பழுக்கும் பருவம். அந்தப் பழத்தை ஊறவைத்த கள் இல்லாத வீடு கிடையாது. கரண்ட் வர நேரமிருக்கிறது என்று எல்லோரையும் போல அவனும் நம்பினான். அது முன்னாலேயே வந்துவிட்டது. அவள் பக்கத்தில் குளிர்பெட்டி உறுமியது. உடனே வெளியே டெண்டானி கத்தினான். கத்தல் பாதியிலேயே நின்றுபோனது. குவளையை எறிந்துவிட்டு ஓடி ருட்ஸானி மெயினை இறக்கியதை அவள் பார்த்தாள்.

அண்ணனின் உடம்பைக் கத்திகளுக்கிடையிலிருந்து எடுத்தவனும் அவன்தான். காலைத் தனியாக, கையைத் தனியாக, வேறு யாரையும் தொடவிடாமல் எடுத்தான். லுஃபுனோ வாயைத் திறக்கவில்லை. மாமியாருக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு பிள்ளை. தனக்கு இரண்டு பெண் குழந்தைகள். பட்டறையை நடத்த வேறு ஆள் இல்லை. அப்படியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் அவனைக் கொன்றுபோட வேண்டும் என்று கொதித்தது.

இப்போது முலாலோ மாவில் கையூன்றித் தவழ்ந்துகொண்டிருந்தான். ருட்ஸானி வீட்டுக்குப் பின்னால் ஓடினான். அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நாளைய அடக்கத்துக்கும் மாடு அறுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது கையில் கோடரி இருந்தது. மாட்டு ரத்தம் அதில் இன்னும் காயவில்லை.

"போடுடா!" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான்.

லுஃபுனோ எழுந்தாள். அத்தை போர்வையை இறுக்கிப் பிடித்தாள். "அடியே, உக்காரு! புதைக்கிறதுக்கு முன்னால மெத்தையைத் தாண்டலாமா? குடும்பத்துக்கு ஆகாது!"

"குடும்பத்துக்கு இதுக்கு மேல என்ன ஆகணும்? விடுங்க அத்தை."

போர்வை அத்தை கையிலேயே நின்றுவிட்டது. முக்காடில்லாமல் வெளியே வந்தவளைக் கண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் போய் முலாலோவுக்கு முன்னால் நின்றாள். கோடரி அவள் தலைக்கு மேலே இருந்தது.

"நகருங்க அண்ணி! உங்க புருஷனுக்காகத்தான் கேக்கறேன்!"

"என் புருஷனுக்காக நானே கேக்கறேன்." அவனுக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினாள். "கரண்ட் வந்தப்ப நீ எங்க இருந்தே?"

"மெயின்... மெயின்கிட்ட..."

"நான் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தேன், தம்பி."

அவன் கண் மருலா மரத்துக்குப் போயிற்று. உதடு கோணியது. கோடரி மெல்ல இறங்கியது. அவள் அதை வாங்கி, மாடு அறுக்கிறவர்களில் ஒருவனிடம் நீட்டினாள். "எடுத்துட்டுப் போ. கறி வெட்டற வேலை பாதியில நிக்குது."

முலாலோவைத் தூக்கி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவளும் மெத்தைக்குத் திரும்பினாள்.

அத்தை போர்வையை இழுத்து மூடினாள். "அவன்கிட்ட என்னடி சொன்னே?"

"போதும்னு சொன்னேன்."

"அதுக்கா பேயறைஞ்சவன் மாதிரி நிக்கிறான்?"

லுஃபுனோ போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தபோது மறுபடி மின்வெட்டு. பெட்டியைச் சுற்றி மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பெண்கள் பாட்டைத் தொடங்கினார்கள். வாசலில் அண்டாக்களில் சோளக்களி வெந்துகொண்டிருந்தது. ருட்ஸானி சுவரோரம் குந்தியிருந்தான்.

பாட்டு நடுவில் கரண்ட் வந்தது. தலைக்கு மேலே பல்பு எரிந்தது, குளிர்பெட்டி உறுமியது, பக்கத்து வீட்டு ரேடியோ பேசத் தொடங்கியது. "வந்துடுச்சு!" என்று குழந்தைகள் கூவின.

லுஃபுனோ ஜன்னலைப் பார்த்தாள். ருட்ஸானி ஓடிக்கொண்டிருந்தான். அண்டாக்களைத் தாண்டி, உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினான். மிஷினின் ஒயரை எப்போதோ அறுத்துச் சுருட்டி வைத்துவிட்டார்கள். அவன் மெயினை இரண்டு கையாலும் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பாட்டு முடிந்தது. களியும் கறியும் பரிமாறினார்கள்.

"அவனை யாராச்சும் சாப்பிடக் கூப்பிடுங்களேன்" என்றாள் அத்தை.

லுஃபுனோ தன் தட்டைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே அவன் இன்னும் கையை எடுக்கவில்லை.