இரட்டைப்படை வசனங்கள்

"அண்ணன் எப்பக்கா வந்தாரு?"

கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டி ஷம்ஷாத் கேட்டதும், சுகிர்தத்தின் கையிலிருந்த செம்பு நழுவித் துவைக்கிற கல்லில் விழுந்தது.

"யாரு வந்தது?"

"என்னாண்டயே மறைக்கிறியே! நான் விடிகாலைத் தொழுகைக்கு எய்ந்தா தெனம் கேக்குது. நீ ஒண்ணு படிக்கிறே, அவரு ஒண்ணு படிக்கிறாரு. நம்ம நடுச்சுவரு இன்னா கோட்டைச் சுவரா?"

சுகிர்தம் செம்பை எடுக்கக் குனியவில்லை. ராயபுரத்தில் அந்த ஓட்டு வீட்டு வரிசையில் கடைசி வீடு அவளுடையது. ஒட்டினாற்போல் இந்தப் பக்கம் ஷம்ஷாதின் வீடு. ஷம்ஷாத் ஆம்பூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்து, மூன்று நாளைக்கு முன்தான் திரும்பியிருந்தாள். சுகிர்தத்தின் புருஷன் அருமைநாயகம் கடலில் விழுந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது என்று யாரும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை போலும். பகலில் ஆளைக் காணாததால் வெளியூர் போயிருந்தான் என்று நினைத்திருக்கிறாள்.

சுகிர்தம் சொன்னாள். ஷம்ஷாத் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப நான் கேட்டது யாரு?"

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாளும் விடியற்காலை ஐந்து மணிக்கு, துறைமுகச் சங்கு ஊதுவதற்கு முன், அந்த வீட்டில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பார்கள். எந்த நாளுக்கு எது என்று சர்ச்சில் கொடுத்த அட்டையில் அச்சிட்டிருக்கும். ஒற்றைப்படை வசனங்கள் சுகிர்தத்துக்கு, இரட்டைப்படை அருமைநாயகத்துக்கு. கல்யாணமான ஏழு வருஷமும் இதுதான் ஏற்பாடு.

இந்த லெந்தின் ஐந்தாம் நாள் மூடுபனியில் அவன் சரக்குப் படகிலிருந்து தவறி விழுந்தான். அதே நேரத்தில் துறைமுகத்தை விட்டு இரண்டு கப்பல்கள் கிளம்பியிருந்தன. அதில் ஒன்று ரங்கூனுக்கு. கப்பல்காரன் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பான், தந்தி வரும் என்று துறைமுகத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். சுகிர்தம் அந்தப் பாதிப் பேரைத்தான் நம்பினாள்.

அதனால் இன்னமும் அவள் தன் பங்கை மட்டுமே வாசித்தாள். முதல் வசனம் வாசிப்பாள். இரண்டாவதை அவன் வாசிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பாள். பிறகு மூன்றாவது. அவன் பங்கையும் எடுத்துக்கொண்டால் அவன் இல்லையென்று ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். அந்த இடைவெளியில் அவள் காதுக்கு இதுவரை ஒன்றுமே கேட்டதில்லை.

அன்று மத்தியானம் பொன்னுரங்கம் வந்தான். காசிமேட்டுக்காரன். அருமைநாயகத்தோடு அதே படகில் வேலை. அவன் விழுந்தபோது கயிறு வீசியவன். அருமைநாயகம் அதைப் பிடித்தும்விட்டான். ஆனால் இழுக்கும்போது கயிறு பொன்னுரங்கத்தின் கையிலிருந்து நழுவிப் போயிற்று.

"முகத்துவாரக்குப்பத்தாண்ட ஒரு பொணம் ஒதுங்கிக்கீது அண்ணி" என்றான், வாசற்படி தாண்டாமல். "ஆஸ்பத்திரி சவக்கிடங்குல வச்சிக்கீறாங்கோ. மூஞ்சி இல்ல. காக்கி அரை நிஜாரு. எங்க எல்லாருக்கும் அதே நிஜாருதான்."

"அவருதான்னு நீ சொல்றியா?"

"நான் எப்டி சொல்லுவேன்? நாளைக்குப் பத்து மணி வரைக்கும் யாரும் வரலேன்னா அநாதைப் பொணமுன்னு பொதைச்சிருவானுங்க. நீ சொன்னா நம்ம ஆளு. சொல்லாங்காட்டி..."

சுகிர்தம் அவனுடைய உள்ளங்கைகளைப் பார்த்தாள். கயிறு அறுத்த காயம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள். இரண்டையும் அவன் மடக்கி வைத்திருந்தான்.

"காலையில வா" என்று கதவைச் சாத்தினாள்.

அவர்தான் என்று சொன்னால் ரங்கூன் தந்தி இனிமேல் வரவே வராது. அவர் இல்லை என்று சொல்லி, அவராகவே இருந்துவிட்டால், பெயரில்லாமல் மண்ணுக்குள் போவார். யாரைக் கேட்பது? சாயங்காலம் வரை யோசித்தவளுக்குப் போன வருஷம் ஒரு விடியற்காலை நினைவு வந்தது.

அன்று அட்டையில் நூற்றொன்பதாம் சங்கீதம். மௌனமாக இருந்துவிடாதே என்று தேவனைக் கெஞ்சித் தொடங்கி, நடுவில் எதிராளி ஒருவனைச் சாபமாய்ச் சபித்துத் தள்ளும். ஆறாம் வசனம் வந்ததும் அருமைநாயகம் வாயை மூடிக்கொண்டான். "ஒரு மனுசன் நாசமாப் போவணும்னு கோயில் புஸ்தகத்த வச்சிகினு சொல்ல எனக்கு வராது. நீ வேணா படி" என்றான். இருபதாம் வசனம் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தான். இது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

சுகிர்தம் கொல்லைக்குப் போய் ஷம்ஷாதைக் கூப்பிட்டாள்.

"உன் தஸ்பீ மணி கீதில்ல? காலையில சுவராண்ட அத்த எடுத்துக்கினு குந்து. ஆம்பளைக் கொரல் ஒவ்வொரு தபா கேக்கறப்பவும் ஒரு மணி தள்ளு. கேக்கலேன்னா தள்ளாதே. அவ்ளோதான்."

"எதுக்குக்கா? எனக்குப் பயமாக் கீது."

"பயந்தாலும் கணக்கு தப்பக் கூடாது."

அந்தச் சங்கீதத்தில் இரட்டைப்படை வசனங்கள் மொத்தம் பதினைந்து. ஒரு மணியும் நகராவிட்டால் எல்லாம் ஷம்ஷாதின் பிரமை. பதினைந்தும் நகர்ந்தால் அது யாரோ, எதுவோ, அவள் புருஷன் இல்லை. இரண்டிலும் அவளுக்கு ரங்கூன் மிச்சமிருந்தது. மூன்றாவதாக ஒன்று நடக்கலாம். அதை மட்டும் அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்தாள். அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு நூற்றொன்பதைப் பிரித்தாள்.

முதல் வசனம். நிறுத்தினாள். விளக்கு அசையவில்லை. மூன்றாவது, ஐந்தாவது. ஏழாவதில் அவள் குரல் தானாக உயர்ந்தது. மடங்கிய இரண்டு கைகள் கண்முன்னால் வந்தன. ஒவ்வொரு சாபத்தையும் பொன்னுரங்கத்தின் தலையில் இறக்கிக்கொண்டே போனாள். ஒன்பதாம் வசனம், சபிக்கப்பட்டவனின் மனைவி விதவையாக வேண்டும் என்று கேட்கிறது. அது அவள் பங்கில் இருந்தது. வாசித்துவிட்டு நிறுத்தியபோது, நடுச்சுவரைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. பதினொன்று, பதின்மூன்று என்று முப்பத்தொன்றாவது வரைக்கும் வாசித்து முடித்தாள். அவள் குரலைத் தவிர அந்த அறையில் வேறு குரல் கேட்கவே இல்லை.

கொல்லையில் ஷம்ஷாத் காத்திருந்தாள். மணிமாலையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"ஏழுக்கா."

"ஒண்ணா சொல்லாதே. எப்டி வந்துதுன்னு சொல்லு."

"மொதல்ல ரெண்டு. அப்பால நீ மட்டும் கோவமா படிச்சிகினே போனியா, அப்ப அவரு வாயே தொறக்கல. போய்ட்டாரு போலன்னு நெனச்சேன். ஆனா போவலக்கா. சுவருக்கு அந்தாண்ட மூச்சு வுடற சத்தம் கேட்டுகினே இருந்திச்சு. நீ சாந்தமானதும் மறுபடி அஞ்சு தபா படிச்சாரு."

இரண்டு. நடுவில் எட்டு மௌனம். பிறகு ஐந்து. போன வருஷம் அவன் வாசித்ததும் இதே கணக்குதான்.

சுகிர்தம் கல்லின்மேல் உட்கார்ந்தாள். துறைமுகச் சங்கு ஊதி ஓயும் வரை எழுந்திருக்கவில்லை.

எட்டு மணிக்குப் பொன்னுரங்கம் ரிக்‌ஷாவோடு வந்தான். அவள் வெள்ளைச் சேலையில் வெளியே வந்ததைப் பார்த்ததும் திகைத்துப்போனான்.

"அண்ணி, நீ இன்னும் பாக்கவே இல்லியே! அதுக்குள்ள..."

"அவருதான். பாக்கத் தேவையில்ல." ரிக்‌ஷாவில் கால் வைத்தவள் திரும்பினாள். "உன் கையைக் காட்டு."

தயங்கித் தயங்கி விரித்தான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, கயிற்றின் தடம் சிவப்பாகக் குழிந்திருந்தது.

"அவரு உன்ன ஒண்ணும் சொல்லல, பொன்னுரங்கம்" என்றாள். "நான்தான் சொன்னேன்."

அவன் ஒன்றும் புரியாமல், ஆனாலும் அழ ஆரம்பித்தான்.

அன்று சாயங்காலமே அடக்கம் முடிந்தது. பாதிரி ஐயர் ஜெபம் சொன்னார். சர்ச் கல்லறைத் தோட்டத்தில் பெயர் எழுதிய பலகை நட்டார்கள்.

மறுநாள் விடியற்காலை சுகிர்தம் அட்டையை எடுத்து, அன்றைக்கு உரிய சங்கீதத்தைப் பிரித்தாள். முதல் வசனத்தை வாசித்தாள். நிறுத்தவில்லை. இரண்டாவதையும் தானே வாசித்தாள். ஒற்றை, இரட்டை எல்லாம் அவளுடைய பங்காக ஒரே மூச்சில் முடித்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

தண்ணீர் எடுக்கப் போனபோது ஷம்ஷாத் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"இன்னாக்கா இன்னிக்கு," என்றாள் மெதுவாக, "ரெண்டு பேரும் சேந்தே படிச்சீங்க?"