ஏலத்தோட்டத்துப் புல்

செவலை மாட்டுக்கு வாயில் நுரை தள்ளியபோது சாயங்காலம் மணி ஆறு ஆகவில்லை. தொடை நடுங்கியது. முன்னங்காலை மடக்கி அப்படியே விழுந்துவிட்டது. சிலமலை ஊரில் எங்களுக்கு இருப்பது அந்த ஒரு மாடுதான். மகன் செத்தபிறகு அதன் பாலும், மருமகள் தேவி மலையில் ஏலக்காய் பறிக்கிற கூலியும்தான் எங்கள் சோறு.

அது என்ன தின்றது என்று எனக்குத் தெரியும்.

மழையில்லாமல் சோளம் கருகிவிட்டது. வெறும் வைக்கோலைத் தின்றதில் பால் பாதியானது. போன மாதம் மாட்டு டாக்டர் ஞானசெல்வி சொன்னார்: "வைக்கோலு வயித்தத்தேன் நிரப்பும். கடலைக்கொடி போடுங்க, புண்ணாக்கு வைங்க."

புண்ணாக்கு விற்கிறவனுக்காகப் பேசுகிறார் என்று நினைத்தேன். மூட்டையில் எதை அரைத்து அடைக்கிறான் என்று எவன் கண்டான்? தேவியிடம், அவள் வேலைபார்க்கிற தோட்டத்தில் ஏலச்செடிக்கு இடையே முளைக்கிற புல்லை அறுத்துவரச் சொன்னேன். செவலை விழுந்த அன்று நாலு மணிக்குத் தேவி தோட்டத்து ஜீப்பில் ஒரு கட்டு கொண்டுவந்தாள்.

"மாமா, முந்தாநாள் பூச்சிமருந்து அடிச்ச பக்கம். மலையில மழை பேஞ்சுச்சு, இருந்தாலும் யோசனையாத்தேன் இருக்கு."

"மழை கழுவிருக்கும்த்தா. போடு." மோந்தும் பார்த்தேன். புல் வாசம்தான்.

மாடு விழுந்து போன் போட்டதும் டாக்டரம்மா போடியிலிருந்து வண்டியில் வந்துவிட்டார்.

"என்ன வச்சீங்க?"

தோட்டத்தில் கேட்காமல் ஒரு சுள்ளியை எடுத்தாலும் மறுநாள் வேலைக்கு ஜீப்பில் ஏற்றமாட்டார்கள். தேவி என் முகத்தையே பார்த்தாள்.

"கல்யாண வீட்டுச் சோறு மிஞ்சுச்சும்மா. கூட வச்சுட்டேன்."

"சோறு கூடுனா வயிறு புளிச்சிரும். சோடா உப்பு கரைச்சு வெரசா கொண்டாங்க."

கரைத்துக் கொடுத்தேன். பாட்டிலை மாட்டு வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டு, கண்ணில் டார்ச் அடித்தார். செவலையின் மூச்சு கர்கர் என்றது.

"சோத்துக்குக் கண்ணுமணி ஊசிமொனையாட்டம் சுருங்காதே, பெரியவரே. இப்ப இதை ஊத்துனா மூச்சுக்குழல்ல போயி செத்துரும். நெசத்தச் சொல்லுங்க."

செவலை காலை உதறியது.

"ஏலத்தோட்டத்துப் புல்லும்மா. மருந்தடிச்சது. நாந்தேன் போடச் சொன்னேன், அவ யோசிச்சா. எந்தத் தோட்டம்னு மட்டும் கேக்காதீக."

"தோட்டம் எனக்கு எதுக்கு? நானென்ன கங்காணியா? மருந்து பேரச் சொல்லுங்க."

"பேரு தெரியாது மேடம். நீல டப்பா, மண்டையோடு போட்டிருக்கும்," என்றாள் தேவி. அழுதுகொண்டே சொன்னாள்.

பாட்டிலை எறிந்துவிட்டு ஊசியை எடுத்தார். ஒன்று போட்டார். நடுக்கம் நிற்கவில்லை. தண்ணீரைக் குத்துகிறாரோ என்றுகூட எனக்கு நினைப்பு ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்து இன்னொன்று போட்டார். அதற்குப் பிறகுதான் வாய்நுரை குறைந்தது.

"சாயங்காலம் பால் பீச்சுனீங்களா?"

"இல்லம்மா."

"நான் சொல்ற வரைக்கும் பீச்சிக் குழியில ஊத்துங்க. கன்னுக்கும் விடாதீங்க. பொழச்சிரும்னு நெனக்கிறேன், விடிஞ்சாத்தேன் உறுதி."

டாக்டரம்மா கிளம்பிப் போன பிறகு தேவி மாட்டின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

"புல்லு விசயம் தோட்டத்துல தெரிஞ்சிருமோ? நாளைக்கு நான் சோலிக்குப் போகவா, மாமா?"

செவலையின் விலா ஏறி இறங்கியது. இறங்கிய விலா அடுத்து ஏறுகிறவரைக்கும் நான் மூச்சு விடவில்லை.