பௌரோ கேட்டு வாங்கிய குழாய்

மீன் உறைவிக்கும் ஆலையில் லஞ்சத் தடுப்பு அதிகாரியாக நாலு வருடம் இருந்தும் பௌரோ ஒரு லஞ்சத்தைக்கூடப் பிடித்ததில்லை. லஞ்சம் இருந்தது, யாரிடமும் தங்கவில்லை, அவ்வளவுதான். கிடங்குக்காரருக்கு எவனோ கொடுத்த மோட்டார் சைக்கிளை அவர் மச்சான் கேட்டார். மச்சானிடம் பாதிரியார் கேட்டார். கிரிபாட்டித் தீவுகளில் 'புபுசி' என்று முறைப்படி வாய்திறந்து கேட்டுவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். பௌரோ விசாரிக்கப் போனபோது வண்டி எட்டாவது ஆளிடம், பக்கத்துத் தீவில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு சட்டை ஒரே முதுகில் ஒரு மாதம் தங்கினால் படகு வைத்துக்கொண்டு பார்க்க வருவார்கள்.

அவரை உண்மையில் வாட்டியது காயல். ஆலையின் ரத்தத் தண்ணீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகாமல், அறுபது மீட்டர் ரப்பர் குழாய் வழியே நேராகக் காயலில் விழுந்தது. சிப்பிகள் வாய் பிளந்து நாறின. பௌரோ மூன்று முறை எழுதிக் கொடுத்தார். விதிப்படி காயல் புகார் மேலாளர் கிராண்ட்லியின் மேசைக்குப் போகும், அங்கேயே தங்கிவிடும். லஞ்சப் புகார் மட்டும்தான் அவரைத் தாண்டி நேரே இயக்குநர் குழுவுக்குப் போகும்.

"திங்கக்கிழமை தணிக்கை. எல்லாம் ஒழுங்குன்னு கையெழுத்துப் போட்டுடு மச்சான்," என்றார் கிராண்ட்லி. பிரிஸ்பேன்காரர், பௌரோவின் சித்தப்பா மகளைக் கட்டி இருபது வருடம் ஆகிறது. "நீ போடலேன்னா உன் நாற்காலியில உக்கார்றவன் போடுவான்."

சனிக்கிழமை மதியம் ஊர்ப் பொது மண்டபமான மனேபாவில் கிராண்ட்லியின் மாமியாருக்குப் பிறந்தநாள் விருந்து. ஊரே பாயில் உட்கார்ந்திருக்க, பௌரோ எழுந்தார்.

"கிராண்ட்லி மச்சான், உங்ககிட்ட ஒரு புபுசி."

"கேளு, கேளு! தொப்பியா, கண்ணாடியா? நான் உங்களவிட இந்த ஊர்க்காரன்டா!"

"காயலுக்குள்ள கெடக்கே, அந்தக் குழாய்."

ஈ பறப்பது கேட்டது. ஆறு ஈக்கள் என்று பிறகு ஊரில் ஒருமனதாக முடிவானது.

"அது கம்பெனி சாமான்டா," என்றார் கிராண்ட்லி.

"தொப்பின்னா குடுப்பாராம், குழாய்ன்னா கம்பெனியாம்," என்றாள் மாமியார், மீன் முள்ளைத் துப்பியபடி. "இருபது வருஷமா ஊர்க்காரன், ஊர்க்காரன்னு என் காதைத் தின்னியே மருமகனே. இன்னைக்கு உன் ஊருக்கே போயிட்டியா?"

கிராண்ட்லியின் கழுத்து சிவந்தது. "எடுத்துட்டுப் போடா!"

புதுக் குழாய் கப்பலில் வர ஐந்து மாதம் ஆகும். அதுவரை தொட்டியை ஓட்டாமல் ஆலை நடக்காது.

திங்கட்கிழமை சுவா நகரிலிருந்து வந்த தணிக்கையாளர் லிட்டியாவின் முன்னால் பௌரோ ஒரு லஞ்சப் புகாரை வைத்தார். எந்த ஊழியரும் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கக் கூடாது என்ற விதி மீறப்பட்டது; பொருள்: குழாய்; அது செய்துகொண்டிருந்த வேலை: காயலில் ரத்தத் தண்ணீர் விடுவது.

"குத்தம் செஞ்சது யாரு?"

"நான்தான்மா."

"புகார் எழுதினது?"

"அதுவும் நான்தான்."

"விசாரிச்சது?"

"இந்த ஆபீஸ்ல ஒரு ஆளுதானேம்மா. கொஞ்சம் கறாராவே விசாரிச்சேன்."

லிட்டியா பேனாவை மூடித் திறந்தார். "குழாயத் திருப்பிக் குடுத்துடுங்க."

"ஞாயித்துக்கெழமையே எங்க அக்கா கேட்டுட்டா. அவகிட்ட ஊரே கேட்டுச்சு. இப்போ பதினெட்டுப் பன்றிக் கொட்டில்ல துண்டு துண்டாக் கெடக்கு."

"இது மேல போனா உங்க வேலை போயிடும். தெரியும்ல?"

"மேல போகணும்னுதான் எழுதினேன்."

போயிற்று. இயக்குநர் குழு எழுத்து விடாமல் படித்தது. படித்ததைத் தணிக்கையாளர் பார்த்துக்கொண்டிருந்ததால், படிக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. இனி காயலுக்குள் எந்தக் குழாயும் போகக் கூடாது என்றும், காயல் புகாரும் நேரே குழுவுக்கே வர வேண்டும் என்றும் தீர்மானம் ஆயிற்று. அடுத்த தீர்மானத்தில் பௌரோவைப் பதவியிலிருந்து இறக்கி, சுத்திகரிப்புத் தொட்டியைக் கழுவும் வேலைக்குப் போட்டார்கள். வேலை நாறத்தான் செய்தது. அவர் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. எடுத்தால் தொட்டியை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.