மதகடி ஒப்பாரி

முனியம்மாள் பாடிய ஒப்பாரியை இனி எந்த ஊரிலிருந்தும் கேட்கலாம் என்று கீர்த்தி சொன்னபோது பிரிஸ்கில்லாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், ஏரியை ஒட்டிய ஒரு சின்ன ஊரின் நூலகத்துக்கு பிரிஸ்கில்லா பொறுப்பாளர். அதே ஊர்க் காலனியில் பிறந்தவள். கீர்த்தி சென்னையில் ஆராய்ச்சி செய்கிறவள். ஏனாத்தூரில் அறை எடுத்துத் தங்கி, ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்து கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாட்டையும் எழுத்தாக்கி, இணையத்தில் ஒரு வரைபடத்தில் அது எந்த இடத்துப் பாட்டோ அந்த இடத்திலேயே புள்ளி வைப்பார்கள். புள்ளியைத் தொட்டால் பாட்டு கேட்கும். நூலகத்தில்தான் பதிவு நடந்தது. பெண்கள் வந்தது கீர்த்தியை நம்பி அல்ல, பிரிஸ்கில்லா கூப்பிட்டதால்.

முனியம்மாள் தன் அண்ணன் சின்னப்பையனுக்காகப் பாடினாள். ஏரிப் புறம்போக்கை வளைத்துத் தென்னந்தோப்பு போட்டிருக்கிறார்கள் என்று கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுத்தவர் அவர். அந்த வாரமே மதகருகே பிணமாக மிதந்தார். கால் வழுக்கி விழுந்ததாக முடித்துவிட்டார்கள். தோப்பு ஊர்ப் பெரிய பண்ணையார் வேதாசலத்தினுடையது.

*வெள்ள வேட்டி கூப்பிட்டதும் வெறுங்காலா போனியே,*
*மதகடித் தண்ணியில மல்லாக்கக் கெடந்தியே...*

இருபது வருஷமாக ஊர்ச் சாவு வீடுகளில் முனியம்மாள் இதைப் பாடுகிறாள். வேதாசலத்தின் ஆட்கள் காதிலும் விழுந்திருக்கும். அழுகிற பொம்பளை என்னவோ பாடுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் இணையத்தில் பாட்டுகளைப் படித்துத் குறிச்சொற்கள் போடுவது கம்ப்யூட்டர். இந்தப் பாட்டின் கீழே அது போட்டிருந்தது: ஏரி, அண்ணன், வெள்ளை வேட்டி, கொலை.

அந்தக் கடைசி வார்த்தையை அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

முதலில் வேதாசலத்தின் மகன் தினேஷ்குமார் வந்தான். நூலகக் கம்ப்யூட்டரில் பாட்டைத் தேடிப் பிடித்து, திரையை போட்டோ எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் காலை வெள்ளை வேட்டியில் வேதாசலமே வந்தார். நூலகத்துக்குள் அவர் காலடி வைத்து பிரிஸ்கில்லா பார்த்ததில்லை.

"நீ பெஞ்சமின் பொண்ணுதான?"

"ஆமாங்கய்யா."

"அந்தப் பாட்ட போடு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு ஹெட்போனை மெதுவாகக் கழற்றி வைத்தார்.

"நல்லாத்தான் பாடுது. இந்த வார்த்தைய எழுதுனது யாரு?"

"மெஷின் தானா போட்டதுங்கய்யா."

"மெஷினுக்கு இன்னா தெரியும்? யாராச்சும் சொல்லாம அதுக்கு எப்டித் தெரியும்?"

எழுந்து போய்விட்டார். அந்த வாரம் நடவுக்கு ஆள் கூப்பிட்டபோது முனியம்மாளை விட்டுவிட்டார்கள். தோப்பில் வேலை செய்த பெஞ்சமினை இனி வர வேண்டாம் என்றார்கள்.

பிரிஸ்கில்லா போனில் சொன்னதும் கீர்த்தி பதறிப்போனாள். "அதை நான் பார்த்துத் திருத்தியிருக்கணும் அக்கா. பார்க்கல." அன்றைக்கே பாட்டை யாரும் கேட்க முடியாதபடி மூடினாள். ஆனால் தினேஷ்குமார் எடுத்த போட்டோ அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது.

இரண்டொரு நாளில் வேதாசலத்தின் கார் நூலக வாசலில் நின்றது. பின் சீட்டிலிருந்து முனியம்மாள் இறங்கினாள். அந்தக் காரில் அவள் ஏறுவது அதுவே முதல் தடவை. செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

"அது தப்பா பாடிட்ச்சாம். திரும்பப் பாடுது, புடிச்சிக்கோ" என்றார் வேதாசலம். தினேஷ்குமார் கதவைச் சாத்தினான்.

பிரிஸ்கில்லா முனியம்மாளைப் பார்த்தாள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழி தெரியாமல் பிரிஸ்கில்லா மைக்கை முன்னால் வைத்தாள்.

*காலு வழுக்கி வுழுந்தியே, கண்ணு தெரியாமப் போனியே...*

குரல் கொஞ்சமும் உடையவில்லை. பழைய பாட்டில் இருந்த அதே இழுப்பு, அதே விம்மல். வேதாசலம் தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பழச அழிச்சிட்டு இத்தப் போடு" என்று எழுந்தார். கார் போய்விட்டது. முனியம்மாள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அழிச்சிட்டியாம்மே?"

"மூடித்தான் வச்சிருக்கு அத்த. நீ சொன்னா அழிச்சிடலாம்."

முனியம்மாள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "என் பொண்ணு இந்த ஊர்லதான் வாழணும். வெளில வுடாத. ஆனா அழிக்காத. நானும் போயி, அந்தாளும் போயி, அவன் புள்ளயும் போனப்புறம் யாராச்சும் கேக்கட்டும்."

புதுப் பாட்டுக்கான விவரங்களை பிரிஸ்கில்லா நிரப்பினாள். பதிவின்போது உடனிருந்தவர்கள் யார் என்று எல்லாப் பாட்டுக்கும் கேட்பார்கள். வேதாசலம், தினேஷ்குமார், பிரிஸ்கில்லா என்று தட்டிவிட்டுக் கையை எடுத்தாள். "அத்த, இப்டி எழுதட்டுமா?"

"இருந்தாங்கதான? எழுது."

முனியம்மாளுக்கு மறுபடி நடவு வேலை கிடைத்தது. பெஞ்சமினைக் கூப்பிடவே இல்லை. அடுத்து காலனியில் விழுந்த சாவில் முனியம்மாள் கால் வழுக்கிய பாட்டைப் பாட, கூட அழுத பெண்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் வேதாசலம் மீண்டும் வந்து, புதுப் பாட்டின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

"இதுல என் பேரு எதுக்கு?"

"எல்லாப் பாட்டுக்கும் போடறதுதாங்கய்யா."

அவர் தலையை ஆட்டினார். வாசல்வரை போய்த் திரும்பினார். "அந்த மெட்ராஸ் பொண்ணு ஏனாத்தூர்லதான தங்கிக்கினு கீது? ஸ்கூட்டில தனியா வருது. ரோடு செரியில்ல, சொல்லு."

அவர் போனதும் பிரிஸ்கில்லா போனை எடுத்தாள். மூன்றாவது தடவைதான் கீர்த்தி எடுத்தாள்.

"அக்கா, பழையசீவரம் வந்துட்டேன். பின்னாடி ஒரு கார் வந்துகிட்டே இருக்கு. வழி விட்டாலும் முந்த மாட்டேங்குது."

"ஆளுங்க இருக்கற டீக்கடையா பார்த்து நில்லு. நகராத. நான் வரேன்."

நூலகத்தைப் பூட்டிவிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனாள். கீர்த்தி டீக்கடை பெஞ்சில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கார் கொஞ்ச தூரத்தில், இன்ஜினை நிறுத்தாமல் நின்றது. பெஞ்சமினைப் பார்த்ததும் மெதுவாகத் திரும்பிப் போனது.

கீர்த்தியை பஸ் ஏற்றிவிட்டு, ஸ்கூட்டியை பெஞ்சமின் ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வரவில்லை. போனில் மட்டும் பேசுகிறாள். வேதாசலத்தின் பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிடலாமா என்று அவள் கேட்டபோது பிரிஸ்கில்லா வேண்டாம் என்றாள்.

வேதாசலம் இப்போது தினமும் நூலகத்துக்கு வருகிறார். கம்ப்யூட்டருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரிக்கிறார். யார் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் அவர் கண் அங்கே போகிறது. பக்கத்தைப் புரட்டுவதில்லை.